ஒன்பதாம் அறைக்கு ஒரு கிளை

திருத்துறைப்பூண்டி,
பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு லாட்ஜ்.
எட்டாம் அறைக் கண்ணாடிக்கு மேலே
வைஃபை கடவுச்சொல்லை மார்க்கரில் எழுதியிருக்கிறார்கள்:
லாட்ஜ் பெயர், பிறகு ஒன்று இரண்டு மூன்று.
முன்பு தங்கியவள் ஒட்டிவிட்டுப் போன பொட்டு
இரண்டுக்கு அடுத்து.
அதையும் புள்ளி என்று சேர்த்து அடித்து
மூன்று முறை தோற்றேன்.

நான் கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை பார்ப்பவள்.
மடிக்கணினியில் எண்ணூற்று நாற்பது பேரின் நகைக்கடன்,
யார் மீட்டார், யாருடையது மூழ்கியது.
கண்ணாடிமேல் எழுதிய சொல்லை நம்பி
அதை அனுப்ப முடியாது.
அதனால்தான் சோப்புப்பெட்டி அளவில் இந்த ரவுட்டர்.
ஊர் வைஃபையை வாங்கி, உள்ளே தனிக்குழாய் போட்டு
அலுவலகம்வரை கொண்டுபோகும்.
பெயர் கேட்டது. மதகு என்று வைத்தேன்.

மதியம் வழியில் பார்த்தேன்,
மேட்டூர் மூட எட்டு நாள் இருக்கிறது, வாய்க்காலில் இன்னும் ஓட்டம்.
மேலே வடிகால், ஆகாயத்தாமரையும் உப்புமாக.
அதன் அடியில் சைபனுக்குள்
பாசனத் தண்ணீர் இந்தப் பக்கம் இறங்கி
அந்தப் பக்கம் ஏறுகிறது.
"கலந்தா எப்படித் தெரியும்?"
லஸ்கர் பக்கிரிசாமி ஷட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டே சொன்னார்:
"பயிரு சொல்லிடும் மேடம்."

பத்து மணிக்கு மின்சாரம் போனது.
லாட்ஜ் வைஃபை செத்தது.
மதகு பவர்பேங்கில், தன் சிம்மில்,
ஒற்றைப் பச்சைப் புள்ளியாக விழித்திருந்தது.

கதவு தட்டும் சத்தம்.
ஒன்பதாம் அறை. ஆத்தூர்க்காரர், அறுப்பு மெஷின் ஓட்டுகிறவர்,
செங்கோடன். புருவத்தில் வைக்கோல் தூசி.
"போன்ல ஒரு கோடுகூட இல்லைங்க.
மதகுன்னு ஒண்ணு மட்டும் காட்டுது.
பாப்பா தூங்கறதுக்குள்ள..."

எண்ணூற்று நாற்பது பேரும்
என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்கள்.

பெட்டிக்குள் விருந்தாளிக்கென்று ஒரு கிளை உண்டு,
என் வாய்க்காலை அது எட்டிப்பார்க்காது.
அதைத் திறந்தேன்.
வெடித்த கட்டைவிரல் எழுத்தைத் தவறவிட,
இருபத்திரண்டு எழுத்தையும் நானே அடித்தேன்.
"நான் பேசறது உங்களுக்குக் கேக்குங்களா?"
"யாருக்குமே கேட்காது," என்றேன்,
கொஞ்சம் பெருமையோடுதான்.

எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவே ப்ளைவுட்.

பல் விழுந்துவிட்டதாம்.
கூரைமேல் எறிந்தாயா என்கிறார்.
நம்ம வீடு தளம்தானேப்பா, கூரை எங்கே என்கிறது.
சிரிப்பு. பிறகு குழந்தை போய்
ஒரு பெண்குரல்.
பிறகு அவர் குரல், பாதியாகத் தணிந்து:
"செயினு மூழ்காது. மார்ச்சுக்குள்ள
திருப்பிடலாம், அழாத..."

ஃபேன் ஓடினால் மறைத்திருக்கும்.
இருட்டில் தடவிப்போய்க்
குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டேன்,
வெறும் வாளியில் சத்தமாக விழட்டும் என்று.

வாளி நிறைந்தது.
குழாயை மூடவில்லை.
குவளையால் மொண்டு மொண்டு
கீழே ஊற்றிக்கொண்டிருந்தேன்.