தடைக்காலம்

காசிமேட்டில் விசைப்படகுகள்
தோளோடு தோள் இடித்து நிற்கின்றன.
எங்கள் ஐஸ் ஆலையில் மூன்று கம்ப்ரஸரில்
ஒன்றுதான் ஓடுகிறது, ஃபைபர் படகுக்காரர்களுக்காக.
பில் புத்தகத்தை ஓரம் தள்ளிவிட்டு
விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருக்கிறேன்.

"ஏன் எம்.பி.ஏ.? ஏன் இப்போது?
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்."

சுபாஷிணி இருபத்து மூன்று வயதில் போனாள்.
ஏன் என்று அவளை யாரும் கேட்கவில்லை.
பஸ் நின்றது, எல்லோரும் இறங்கினார்கள்,
அவளும் இறங்கினாள்.
இப்போது தரமணியில் பதினோராவது மாடி.
"ஒரு கதை வேணும்டி" என்கிறாள் போனில்.
"கஷ்டப்பட்ட கதை. உன்கிட்டதான் நிறைய இருக்கே."

இருக்கிறது.
எடைபோட்டு விற்கத்தான் கை வரவில்லை.

"எட்டு வருஷ அனுபவம் கொஞ்சம் ஜாஸ்தி மேடம்" என்றான்
அண்ணா நகர் கோச்சிங் சென்டரில் டை கட்டிய பையன்.
மூன்று வருடம் முன்பு அதே நாற்காலியில்
"இன்னும் கொஞ்சம் அனுபவம் சேரட்டும்" என்றவர் வேறொருவர்.
நடுவில் எங்கோ சரியான நாள் ஒன்று
வந்து போயிருக்க வேண்டும்.
அன்று நான் எழும்பூரில்
அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு டோக்கன் வாங்கிக்கொண்டிருந்திருப்பேன்.
அல்லது முழங்கால் தண்ணீரில்
லெட்ஜர்களைத் தலையில் சுமந்து மாடிக்கு ஏற்றிக்கொண்டு.

மூன்றாவது கம்ப்ரஸர் வாங்கும்போதே சொன்னேன்,
"பாதி நாள் சும்மா நிக்கும் சார்."
ஃபேன் காற்றில் ஆடும் காலண்டர்போல
முதலாளி தலையாட்டினார்.
இரண்டு வருடம் கழித்து அவர் மகன் நிர்மல்
எங்கோ படித்து வந்து
சுவரில் படம் காட்டி அதையே சொன்னான்:
"கெபாசிட்டி யூட்டிலைசேஷன் நாற்பத்தொரு சதவீதம்."
எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்,
கிரீஸ் கையோடு நின்ற தணிகாசலம் அண்ணன்கூட.

ஆக, என் ஒரு வரியை
எனக்கே மொழிபெயர்த்துத் தர
இருபத்து நான்கு லட்சம்.
அப்படித்தான் முதலில் எழுதினேன்.
நன்றாக வந்தது. கோபத்துக்கு
ஐந்நூறு சொல் போதவே இல்லை.

பிறகு அழித்தேன்.
நிர்மல் அதோடு நிறுத்தவில்லையே.
"படகு வராத நாள்ல ஐஸ் யாருக்கு வேணும்?"
என்று கேட்டான். அறையில் சத்தமே இல்லை.
மெட்ரோ வேலையில் கான்கிரீட் கலக்கும்போது
சூடு தணிக்க ஐஸ் போடுகிறார்களாம்.
தினம் இரண்டு முறை அந்தப் பள்ளத்தைச் சுற்றித்தான்
என் பஸ் போகிறது, லேட்டாகிறது என்று
தினம் இரண்டு முறை திட்டியிருக்கிறேன்.
உள்ளே என்ன ஊற்றுகிறார்கள் என்று
ஒருநாளும் கேட்கத் தோன்றவில்லை.

ஜெரோமிடம் சொன்னேன்:
"ரெண்டு வருஷம். தடைக்காலம்னு நெனச்சுக்கோ.
கரையில நின்னு எஞ்சின் பிரிச்சுப் பாக்குற மாதிரி."
"அது அறுபத்தொரு நாள் ஜெசி,
கவர்ன்மென்ட் நிவாரணம் வேற குடுக்குது."
சிரித்தோம்.
அவன் சீக்கிரம் நிறுத்திவிட்டான்.

இப்போது எழுதியிருப்பது இவ்வளவுதான்:
"எட்டு வருடமாக ஐஸுக்குக் கணக்கு எழுதுகிறேன்.
ஊரில் யாருக்கெல்லாம் சூடு என்று
எனக்குத் தெரியவில்லை."
சுபாஷிணி பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வாள்.

"ஐந்து ஆண்டுகளில் எங்கே இருப்பீர்கள்?"
காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்க மறுக்கிறது.
ஒரு புள்ளி வைத்தேன்.
திறந்தது.

கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு.
ஓ.டி.பி. வந்துவிட்டது.
நூற்றுப் பத்து நொடி மிச்சம்.

"ரெண்டு பார் குடும்மா" என்று
ஜன்னலில் ஒரு கை நூறு ரூபாய்த் தாள்களை நீட்டுகிறது.
பில்லைக் கிழித்துக்கொண்டே கேட்கிறேன்,
"எதுக்குண்ணே?"
அவர் என்னை ஒருமாதிரி பார்க்கிறார்.
"ஐஸ் எதுக்கும்மா?" என்கிறார்.