நொடிக்கு எண்பது சென்டிமீட்டர்

உலான்பாத்தர். ஜனவரி. பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று.
ரப்பர் விறைத்துவிடும் என்று
பலூனைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு
நிறைமாதக்காரி போல வண்டியில் ஏறினாள் துலாம்சுரென்.
வானிலை அலுவலகத்தில் அவளுக்கு அளக்கிற வேலை.
எனக்கு ஓட்டுகிற வேலை.

சிங்கெல்டெய் மேட்டில் நிறுத்தினோம். அதிகாலை நான்கு.
கெர் கூடாரங்களின் தகரக் குழாய்கள்
ஒன்றையொன்று பார்க்காமல் புகைத்துக்கொண்டிருந்தன.
மூன்றாவது வேலிக்குள் இருப்பது என்னுடையது.
சொல்லவில்லை.

காற்றே இல்லை.
பாதி வாயு அடைத்து, அடியில் சின்ன விளக்கு கட்டி
பலூனை விட்டாள்.
அதிகம் உயரவில்லை அது;
கூரைகளுக்குச் சற்று மேலாக
யாரிடமும் வழி கேட்காமல்
நகரத்தை நோக்கி நடக்க ஆரம்பித்தது.

"யார் தள்ளுகிறார்கள்?"
"தள்ளவில்லை. இழுக்கிறது. சரிவும் கொஞ்சம் உதவுகிறது."
தொலைநோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:
கீழே கான்கிரீட், வெந்நீர்க் குழாய், எண்ணிமாளாத ஜன்னல்.
அங்கே சூடான காற்று எழுந்து போகிறது.
எழுந்தவனின் இருக்கையை
எந்தப் பேருந்தில் காலியாக விட்டுவைத்திருக்கிறார்கள்?

நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
உறைந்த செல்பே ஆற்றின் மேல் போயிற்று,
சந்தையைத் தாண்டிற்று,
ஒன்பது மாடிக் கட்டடங்களுக்கிடையே நுழைந்தது.
அதில் ஒன்றில், ஏழாவது தளத்தில்
சோல்மோன் இருக்கிறாள், டெமுலெனோடு.
பையனின் இருமலுக்காகத்தான் போனாள்.
மேட்டுப் புகை வேண்டாம் என்றாள்.
நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை;
அது தானாக நடந்தது.

இரண்டு வருடமாக அந்த அழைப்புமணியை
அழுத்தத் தயங்குகிறவன் நான்.
என் அடுப்புப் புகையோ
தினமும் போய்க்கொண்டிருக்கிறது.

ஐந்தரைக்குச் சதுக்கத்தில் இன்னொரு பலூன்.
இது நேரே ஏறியது. ஏறி,
ஏதோ மூடியில் முட்டியதுபோல் நின்று,
யோசித்து,
வடக்கே, எங்கள் மேட்டுப் பக்கம் திரும்பியது.
"போய் ஓரத்தில் மறுபடி இறங்கும்" என்றாள்.
கையுறையைக் கழற்றிப் பென்சிலால் எழுதிக்கொண்டாள்.
கீழ்க்காற்று: தெற்கு நோக்கி, நொடிக்கு எண்பது சென்டிமீட்டர்.

எண்பது சென்டிமீட்டர்.
டெமுலென் நடை பழகியபோது
கட்டிலிலிருந்து என் முழங்கால் வரைக்கும்
அவ்வளவு வேகத்தில்தான் வருவான்.

விடிந்து வீட்டுக்குப் போனேன். அடுப்பு அணைந்திருந்தது.
வாளித் தண்ணீரின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு தகடு.
கரிக்கட்டிகளை அடுக்கிவிட்டுத்
தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்,
விரல்கள் மரத்துப்போகும் வரை.

பிறகு உரசினேன்.