மஹர் கட்டம்

நிக்காஹ் தப்தரில் ஏழாவது கட்டம் மஹர்.
விரலுக்கே தெரியும், கண் வேண்டாம்:
ஆயிரத்தொன்று.
வசதியான தெரு என்றால் ஐயாயிரத்தொன்று.
அந்தக் கடைசி ஒன்று எதற்கென்று
பத்தொன்பது வருஷமாக ஒருவரும் கேட்டதில்லை,
நானும்தான்.

மேலப்பாளையம் சந்தையில் செவ்வாய்தோறும்
கிடாயின் விலை துண்டுக்கடியில் நடக்கும்.
விரலை விரல் பிடித்திருக்க
முகம் வேறெங்கோ பார்க்கும்.
கைக்கூலியும் அப்படித்தான்.
நாற்பது பவுன், ஒரு வண்டி, மறுவீட்டுச் சீர்.
அதற்கென்று என் தப்தரில் கட்டம் கிடையாது.

அன்று மணப்பெண் தௌலத் மீறாள்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடையில் வேலை.
இது இரண்டாவது நிக்காஹ்.
முதலாவதையும் நான்தான் எழுதினேன்:
ஆயிரத்தொன்று, பிறகு.
அந்தப் 'பிறகு' வரவேயில்லை.
அவன் போய்விட்டான்.

மாப்பிள்ளை திவான் மைதீன், ஏசி மெக்கானிக்.
அவன் வாப்பா நாற்காலி நுனியில் இருந்து
"வளக்கம்போல எளுதும்வே" என்றார்.
பேனாவை வைத்தேன்.
அதற்குள் பெண்ணின் தம்பி வந்து நின்றான்,
கையில் மருந்துச் சீட்டு, அதன் பின்பக்கம் ஒரு வரி:
எவ்வளவு கேட்பது சுன்னத்து?

ஹஜ்ரத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"நபியவர்கள் மனைவிமாருக்குக் கொடுத்தது ஐந்நூறு திர்ஹம்.
வெள்ளி. நிறுத்துப் பார்த்தால்
ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும்."
யாரோ டவுன் வெள்ளிக்கடைக்குப் போன் போட்டார்கள்.
விலை கேட்டதும்
மின்விசிறி மட்டும் பேசியது.

"இரும்பு மோதிரமாவது தேடிவா என்று
ஓர் ஏழையிடம் சொன்னதும் உண்டு.
மனப்பாடமான சூராக்களே மஹரானதும் உண்டு."
"மேல ஒரு எல்லை இல்லையா ஹஜ்ரத்?"
"கலீபா உமர் வைக்கப் பார்த்தார்கள்.
ஒரு பெண் எழுந்து ஆயத்தை ஓதினாள்,
ஒரு குவியலையே கொடுத்திருந்தாலும் என்று.
அவள் சொன்னதே சரி என்று இறங்கிவிட்டார்கள்."
"அப்போ எவ்வளவுதான்?"
"லேசானதில் பரக்கத்து."
கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.
"லேசு யாருக்கு என்பதைத்தான்
நாம் கேட்பதில்லை."

இரண்டாவது சீட்டு வந்தது.
அறுபத்தோராயிரத்து முந்நூற்று நாற்பது.
உடனே.
பவுன் கிடையாது.

பிறகுதான் விஷயம் தெரிந்தது.
முந்தினநாள் இரவு போனில் கேட்டிருக்கிறாள்,
"கடன் வாங்காம உங்க கையில என்ன இருக்கு?"
பாஸ்புத்தகத்தைப் பார்த்து அவன் படித்திருக்கிறான்.
அதில் சரிபாதி இது.
மறுபாதி பெருமாள்புரத்தில் வீட்டு அட்வான்சுக்கு.

"முந்நூத்தி நாப்பதா? என்னடே இது,
ரேசன்கடைத் துண்டு மாதிரி? ரவுண்டாக்கும்"
என்று எழுந்தார் வாப்பா.
பவுனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை,
துண்டுக்கடியில் பேசியதை
வெளியில் எடுக்க முடியாதல்லவா.
திவான் மைதீன் சட்டைக்குள்ளிருந்து
ஒரு கவரை எடுத்து என் மேஜையில் வைத்தான்.
எண்ணினேன். ஒட்டிக்கிடந்த பத்து ரூபாய்த் தாள்கள் நாலையும்
எச்சில் தொட்டுப் பிரித்தேன்.
ஏழாவது கட்டம் சின்னது.
எண் கோட்டைத் தாண்டி எட்டில் ஏறியது.

எல்லோரும் நெய்ச்சோற்றுக்குப் போனபின்
பழைய தப்தரை இறக்கினேன்.
ஊதா மசி, எனக்கு முன்னிருந்தவர் கையெழுத்து.
என் பெயர், சம்சுக்கனி பெயர்,
ஐந்நூற்றொன்று.
பிறகு.

கால்வாய்ப் பாலம் தாண்டி வீட்டுக்கு நடந்தேன்.
அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.
ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டி விவரம் சொன்னேன்.
சிரிப்பாள், எப்போதோ விட்டுக்கொடுத்துவிட்டேன் என்பாள்
என்றுதான் நினைத்தேன்.
கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"ஒரு ரூவா எங்க?"