நிழலை முதலில் வரைந்தோம்

ஜிலீபில் எங்கள் பஸ் இரண்டு நாற்பதுக்கு.
சில நாள் மூன்றேகால்.
எழுபத்தொரு பெண்கள், ஊதாச் சட்டை.
தகரச் சுவரில் சாய முடியாது, சுடும்.

ஒரு விடுமுறை வெள்ளி, அதே இரண்டு நாற்பது.
ஜெய்னம்பு மாப்புக் கட்டையை நட்டமாகப் பிடிக்க
நிழல் முடிந்த இடத்தில் நான் கல் வைத்தேன்.
ஐந்தடிக் கட்டைக்கு நாலடி.
பன்னிரண்டடி மரத்துக்கு?
ஒன்பதாம் வகுப்போடு நின்ற கணக்கு
வந்து என் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது.
ஒன்பதரை. கொஞ்சம் கூட.

தேதி முடிந்த பவுடர் டப்பாக்களைத் தட்டித் தட்டி
இல்லாத மரங்களின் நிழலைத் தரையில் வரைந்தோம்.
நகாட்டோ இலைகளுக்கு நடுவே ஓட்டைகள் விட்டாள்,
வெயில் கொஞ்சம் சிந்தினால்தான் மரமாம்.
சாபித்ரா இரண்டு பறவை சேர்த்தாள்.
கணக்கில் வராத பறவை.
யாரும் அழிக்கவில்லை.

அப்புறம் பின்னோக்கி நடந்து
ஒவ்வொரு நிழலுக்கும் வேர் இருக்க வேண்டிய இடம் தேடினோம்.
உடைந்த டைல்ஸ், சோற்றுக் கரண்டி,
ஒருத்தியின் செருப்பு: இவைதான் மண்வெட்டி.
கன்றுகள், ஆஸ்பத்திரி வாசலில் தானாய் முளைத்தவை,
லஞ்ச் பாக்ஸில் ஷிஃப்ட் முடித்து வந்தன.
வாட்ச்மேன் சித்ர் என்றார்.
சாபித்ரா பயர் என்றாள்.
முள்ளைத் தொட்டுப் பார்த்து ஜெய்னம்பு,
'அட, நம்ம இலந்தை.'
தண்ணீர்? ஜன்னல் ஏசிகள் இரவெல்லாம் சொட்டியது,
அறைக்கு ஒரு வாளி.

பதினொன்று நட்டோம்.
ஜூன் மாதத் தூசிப் புயல் ஐந்தைக் கொண்டுபோனது.
நகாட்டோவின் கான்ட்ராக்ட் ஆறாவதை முந்திக்கொண்டது;
அவள் போன வாரம்தான் அது முதல் கிளை விட்டது.
போட்டோ அனுப்பினோம்.
ஓட்டை எங்கே என்று கேட்டிருந்தாள்.

மார்ச்சில் சூப்பர்வைசர் தன் காரை
கன்றுகளை ஒட்டி நிறுத்தினார்.
மறுநாள் கல் வரிசை இருந்தது.
அதற்கு மறுநாள் இன்னொரு வரிசை.
யார் வைத்தது என்று அவர் கேட்கவில்லை,
நாங்கள் பேசவில்லை.
கார் இப்போது ஜெனரேட்டர் பக்கம் நிற்கிறது.

அந்த வாரமே சம்பளச் சீட்டில் குறைந்த நான்கு தினாரை
ஏன் என்று கேட்க ஆபீசுக்குப் போனேன்.
தனியாகப் போகவில்லை.
ஆறு பேர்.

மரங்கள் இன்னும் என் இடுப்பைத் தாண்டவில்லை.
பவுடர் கோடு என்றோ பறந்துவிட்டது,
ஆனாலும் வரிசை அது போன வளைவில்தான் நிற்கிறது,
நேற்று வந்த பெண்கள்கூட.
இரண்டு நாற்பதுக்கு
ஒரு பாதம் கொள்ளும் அளவு நிழல் விழுகிறது.
முறை வைத்திருக்கிறோம்.
இன்று என் இடது கால்.