அறுபத்து நான்காவது கதிரை

கொட்டாஞ்சேனை. பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
சாவி என்னிடம்.
சனி காலை வயலின், பின்னேரம் கராத்தே.
சுவரில் பெனடிக்டாவின் படங்கள்;
அடுத்த அறையில் உதை விழும்போதெல்லாம்
கொஞ்சம் சரியும். நிமிர்த்தி வைப்பேன்.

விற்றால் ஒட்டச் சொல்லித் தந்தாள்,
இருபத்து நான்கு சிவப்புப் பொட்டு, ஒரே தாளில்.
தாள் லாச்சிக்குள் அப்படியே இருக்கிறது.

போன மாதக் கச்சேரியில் கரண்ட் போனது.
மிருதங்கம் நிற்கவில்லை.
இருட்டில் யாரோ தாளம் போட்டார்கள்,
அரை அட்சரம் பிந்தி.
பாடியவர் அந்தக் கைக்காகக்
காத்திருந்து காத்திருந்து பாடினார்.

எல்லோரும் போனபின் எண்ணினேன்:
கதிரை அறுபத்து மூன்று.

சனிக்கிழமைதான் கண்டேன்.
கீழே ஓட்டோ தரிப்பிடத்தில்,
எங்கள் ஜன்னலுக்கு நேரே, நீலக் கதிரை.
அதில் நிஸாம்தீன், கண்ணை மூடி.
மேலே சின்னவன் ஹரீஷன்
சரளி வரிசையில் வழமையாக வழுக்கும் இடத்தில்
இவர் முணுமுணுப்பும் வழுக்கியது.
பிழையோடு பாடம்.

"கதிரை எங்கட," என்றேன்.
"அதுக்கென்ன மிஸ், பாட்டும் உங்கடதானே."

பதிவேட்டில் எழுதினேன்:
கதிரை 64. ஒன்று கீழே, பாவனையில்.
பக்கத்தில் ஒரு சிவப்புப் பொட்டு.

தாளில் இன்னும் இருபத்து மூன்று.