வெறும் மேடையின் எடை

படந்தாலுமூட்டில், எல்லைக்குக் கொஞ்சம் முன்னால்,
இரவு பத்து முதல் காலை ஆறு வரை
லாரிகளின் எடையைச் சொல்வது என் வேலை.
கண்ணாடிக் கூண்டு, சிவப்பு எண்கள், ஒரு பிரிண்டர்.
ரசீதுகள் பறக்காமலிருக்க அவற்றின் மேல் ஒரு சல்லிக்கல்.

கிழக்கே இருந்த ஒரு மலை
ராத்திரிகளில் துண்டு துண்டாக என்னைக் கடந்து போகிறது,
தார்ப்பாய் போர்த்தி, ஈரம் சொட்டச் சொட்ட.
பகலில் அந்தப் பக்கம் பார்த்தால்
வானம் கூடுதலாக இருக்கிறது.

சாத்தான் வந்தால் அடையாளம் தெரியும் என்றுதான்
ஓய்வுநாள் பள்ளியில் நினைத்திருந்தேன்.
வந்தது எட்வின்தாஸ்.
பாடகர் குழுவில் என் இடப்பக்கம் நின்று டெனர் பாடுகிறவன்.
என் அப்பாவை அடக்கிய அன்று
குழிக்குள் இறங்கி நின்று பெட்டியைக் கைதாங்கி வாங்கியவன்.

பணம் நீட்டவில்லை.
பிளாஸ்கில் கட்டன்சாயா கொண்டுவந்திருந்தான்.
"நாலும் ஒன்பதும் வேண்டாம் ஜஸ்டஸ்,
மூணும் அஞ்சும் போடு.
ரெண்டே ரெண்டு எண். யாருக்கு வலிக்கும்?"
பிறகு, கதவைப் பாதி திறந்தபடி,
"அஜிஷாவுக்கு நர்சிங் பீஸ் என்னைக்குக் கட்டணும்?"

வெள்ளிக்கிழமை. அன்று புதன்.
அவனுக்குத் தெரியும்.
போன ஜெபக்கூட்டத்தில் விண்ணப்பமாக
நானே எழுந்து சொன்னதுதான்.

நான் வீரன் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.
மூன்று வருஷம் முன்பு, ஒரு மழைநாளில்,
ஐந்நூறு ரூபாய்க்கு ஒரு எண்ணை மாற்றியவன்.
அன்றிரவு இடி விழவில்லை. சேவல் கூவவில்லை.
கூவியிருந்தால் அழுதிருப்பேன்.
வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினேன்.
அந்தத் தூக்கத்துக்குத்தான் இன்றும் பயம்.

சாயாவைக் குடித்தேன்.
விரல் மூன்றின் மேல் நின்றது.
ஜெபிக்கப் பார்த்தேன்.
சின்ன வயதில் மனப்பாடமான ஜெபம்
அப்பம் கேட்கிற இடம்வரை வந்து
அங்கேயே சுற்றியது, சேற்றில் டயர் சுற்றுவதுபோல.
அடுத்ததற்கும் அதற்கடுத்ததற்கும் நகரவில்லை.
வெளியே எட்வின்தாஸ் மெல்லப் பாடிக்கொண்டிருந்தான்,
ஞாயிறுக்கான பாட்டில் அவன் பகுதியை மட்டும்.
சுருதி தப்பவே இல்லை.

நாற்பத்தொன்பதாயிரத்து நூற்றிருபது என்று அச்சானது.
எழுதும்போது தைரியமாகத் தெரிகிறது.
கை நடுங்கி, ரசீதைக் கோணலாகக் கிழித்தேன்.
அவன் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு
பிளாஸ்கையும் மறக்காமல் எடுத்துப் போனான்.

அதே லாரி, அரை மணியில்,
அடுத்த வளைவிலுள்ள மேடையில் முப்பத்தைந்தாகி
எல்லையைத் தாண்டியது.
வெள்ளிக்கிழமை வந்தது. வேறொன்றும் வரவில்லை.
ஐரின் கையில் ஒரு வளையல் குறைந்தது;
சோறு போடும்போது சத்தமில்லாத கை.
ஞாயிறன்று அவன் என் இடப்பக்கம்.
ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவரும் பிடித்திருந்தோம்.

இந்த மேடைக்கு ஒரு குணம் உண்டு.
எதுவும் ஏறாதபோதும்
நாற்பது, அறுபது கிலோ காட்டும்.
டயர்கள் உதிர்த்த சேறு, இடுக்கில் விழுந்த சல்லி,
ஊறி நிற்கும் மழை.
ஒரே நாளில் சேர்வதில்லை அது.

மூன்று மணிக்கு, லாரிகள் ஓய்கிற இடைவெளியில்,
விளக்குமாறும் ஒரு வாளித் தண்ணீருமாய் இறங்குவேன்.
முழங்காலில் நின்றால்தான் இடுக்கைத் தோண்ட முடியும்.
பார்க்கிறவர்கள் ஜெபம் என்று நினைக்கலாம்.
நான் மறுப்பதில்லை.

பிறகு கூண்டுக்குள் வந்து பூஜ்யத்தை அழுத்துவேன்.
நாளைக்கும் அழுத்த வேண்டும்.

வளைவில் வெளிச்சம் திரும்புகிறது.
பாறசாலை வண்டி. புது டிரைவர்.
கண்ணாடியைத் தட்டுகிறான்:
"சேட்டா, எத்ரயுண்டு?"

உள்ளதைச் சொன்னேன்.