இரண்டு எண்பது

கயிற்று முனையில் ஒரு தட்டு.
கறுப்பு வெள்ளை கறுப்பு வெள்ளை என்று
நான்கு கால்வட்டம்.
படகோரம் குனிந்து இறக்குவேன்.
கண்ணை விட்டு அது நழுவும் இடத்தில்
கயிற்றைக் கிள்ளிப் பிடித்து
சென்டிமீட்டரில் குறித்துக்கொள்வேன்.
பதினொரு வருடமாக
காணாமல் போவதை அளந்து
சம்பளம் வாங்குகிறேன்.

தென் பொஹீமியாவில்
எந்தக் காலத்திலோ துறவிகள் வெட்டிய ஏரி.
கோபிலா என்று பெயர், பெண்குதிரை என்று அர்த்தம்.
கரை நெடுக ஓக் மரங்கள்.
கோபிலாவுக்கு எப்போதும் முப்பது, முப்பத்தைந்து.
ஆகஸ்டில் இருபதே.
பட்டாணி சூப்புக்குள் விட்ட கரண்டிபோல்
மணிக்கட்டு நனைவதற்குள் தட்டு மறையும்.
மேலே ஊர்ச் சாக்கடை,
பக்கத்தில் மக்காச்சோளத்துக்குப் போட்ட உரம்,
நடுவில் ஸ்டானெக் கொட்டும் கோதுமை.
அடிச்சேற்றைக் கிளறிக் கிளறிக்
கெண்டைகள் கொழுக்கும்.
"பச்சைதான் பணம்" என்பார் ஸ்டானெக்,
மதகுச் சாவி இடுப்பில் ஆட.
நான் அறிக்கையில் "மிகைவளம்" என்று எழுதுவேன்.
வளம் என்ற சொல்லையே வசவாக்கிய துறை
எங்களுடையது.

இந்த மே மாதம்
தட்டு இறங்கிக்கொண்டே போனது.
ஒரு மீட்டர். இரண்டு.
இரண்டு எண்பதில் தரை தட்டியது.
அப்போதும் தெரிந்தது.
அதன் அருகில் ஒரு நத்தை ஓடு,
யாரோ எப்போதோ தொலைத்த
சைக்கிள் மணி.
கிள்ளிப் பிடிக்கக் கயிற்றில் இடமே இல்லை.

ஊரே கரைக்கு வந்துவிட்டது.
ஓக் வேர்களுக்கிடையே குழந்தைகளின் செருப்புகள்.
மேயர் முழங்கால்வரை இறங்கிப் படம் எடுத்துக்கொண்டார்.
அஞ்சலகத்து யிட்கா
"உங்கள் ஆராய்ச்சி பலித்துவிட்டது" என்று
பாப்பி விதைக் கேக் கொண்டுவந்தாள்.
நான் மறுக்கவில்லை. இரண்டு துண்டு.

ஸ்டானெக் மட்டும் மதகடியில் நின்று துப்பினார்.
"இவ்வளவு சுத்தம் ஆகாது, பெண்ணே."

அள்ளிய நீரை நுண்ணோக்கியில் வைத்தேன்.
நீர்த்தெள்ளுகள். லிட்டருக்கு இருநூற்றுப் பத்து.
எள்ளளவு உடம்பு, கண்ணாடித் தோல்,
உள்ளே பச்சை இழையாய்க் குடல்,
மேல்பக்கம் படபடக்கும் இதயம்.
தின்ன வேண்டிய சின்ன மீன்கள்
குளிர்காலத்தில் பனிக்கட்டிக்கு அடியிலேயே செத்திருந்தன.
கேட்பாரற்றுப் பெருகிய கூட்டம்
பாசியையெல்லாம் அரித்து, சலித்து, தெள்ளித் தீர்த்திருந்தது.
அதனால் தெளிவு.
பாசி போனால்
மூச்சுக்கு யார் பொறுப்பு?

இரவு இரண்டே முக்கால்.
கருவியைத் தண்ணீருக்குள் விட்டேன்.
ஆக்சிஜன்: ஒன்று புள்ளி ஒன்று.
அரை மணியில் பூஜ்யம் புள்ளி எட்டு.
டார்ச் அடித்தால் அடிவரைக்கும் ஒளி போனது.
மேலே, நாலு கிலோ ஐந்து கிலோக் கெண்டைகள்
அண்ணாந்து, நீரின் தோலில் வாயை ஒட்டி
பப், பப், பப்.
ஏரி முழுக்க முத்தச் சத்தம்.
அப்படித் தோன்றியதற்குக் கூசினேன்.

ஸ்டானெக் இரவு உடையிலேயே டிராக்டரில் வந்தார்.
குழாயை வானத்துக்குத் தூக்கி
ஏரியை ஏரிமேலேயே கொட்டினோம்.
பேச்சில்லை. பம்பின் இரைச்சல் மட்டும்.
விடியும்போது
முன்னூற்றுப் பன்னிரண்டு வெள்ளை வயிறுகள்.
மற்றவை இருந்தன.

பிறகு டீசல் கறை படிந்த தாள் ஒன்றை நீட்டினார்.
பாஸ்பேட், எட்டு மூட்டை.
பாசி திரும்பி வர வேண்டுமாம்.
நிலையத்தின் ஒப்புதல் வேண்டுமாம்.
எதற்கு எதிராகப் பதினொரு வருடம் எழுதினேனோ
அதன் பெயருக்குக் கீழே
என் கையெழுத்து.
பேனா சரியாகவே எழுதியது.

மூன்று வாரத்தில் அறுபது.
ஜூலையில் முப்பத்திரண்டு.
"ஏன் மறுபடி கெட்டுப்போனது?" என்றாள் யிட்கா,
தபால்தலையை நாக்கில் தொட்டபடி.
சொல்ல ஆரம்பித்தேன்.
அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது.

நவம்பரில் மதகு திறந்து ஏரியை வடித்தார்கள்.
வலைகளில் கெண்டைகள் குதித்துக்கொண்டிருக்க
நான் ஒதுங்கிப்போய்
தொடைவரை சேற்றில் துழாவினேன்.
கிடைத்தது.
துடைத்துவிட்டு அழுத்தினேன்.
மணிக்குள்ளிருந்து
கொஞ்சம் சேறு வந்தது.